இணங்கலும் இணக்கலும்

(மகாவீரர் ஜயந்தி விழாவையொட்டிக் காஞ்சிபுரத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்றைய உரைக்குப் பொருள் ஒரு வினைச்சொல். இணக்கு என்பது அச்சொல். நான்கே எழுத்து. உண்ண மறுக்கும் குழந்தையை உண்ண இணக்குகிறார்கள். பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பியரை ஒரு பந்தியில் உட்கார இணக்குகிறார்கள். ஊரை விட்டு வர மனமில்லாத முதியவரை மகன் வீட்டுக்கு வர இணக்குகிறார்கள். அதட்டாமல், அச்சுறுத்தாமல், இனிய சொல்லால் ஒருவரை ஒரு செயலுக்கு உடன்படச் செய்வதே இணக்குதல்.

அறவிழாவில் ஒரு வினைச்சொல்லுக்கு இவ்வளவு இடம் எதற்கு என்ற ஐயம் எழலாம். தமிழ்ச் சமணர் இல்லங்களில் இன்று அறம் நிலைத்திருப்பது பெரும்பாலும் இந்த ஒரு வினையின் வலிமையால்தான். பொழுது சாயுமுன் உண்பது, நீரை வடிகட்டிப் பருகுவது, பருவ நாளில் நோன்பு இருப்பது ஆகிய எவற்றையும் சட்டம் கட்டாயமாக்கவில்லை. தவறியவரைத் தண்டிக்க ஊர்க்கட்டும் இல்லை. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்கிறார்கள். அவர்களை வழிப்படுத்தப் பெரியோர் கையில் எஞ்சியிருப்பது சொல் ஒன்றே. அந்தச் சொல் எப்படிப்பட்டதாக இருத்தல் வேண்டும் என்பதை, இணக்கு என்னும் வினையே ஓரளவு கற்பிக்கிறது.

சொல்லின் அமைப்பு

இணங்கு என்பது தன்வினை. இணக்கு என்பது பிறவினை. அடங்கு, அடக்கு, திருந்து, திருத்து, மயங்கு, மயக்கு என வரும் இணைகளைப் போன்றதே இதுவும். தன்வினையில் நிற்கும் மெல்லெழுத்துப் பிறவினையில் வல்லெழுத்தாக மாறுகிறது. செய்பவர் ஒருவர், செய்விப்பவர் மற்றொருவர் என்னும் வேறுபாட்டை அந்த ஓரெழுத்தே காட்டிவிடுகிறது.

எனினும் இவ்விணைகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. ஒருவரை அடக்குவதற்கு அவருடைய விருப்பம் வேண்டுவதில்லை. அவர் விரும்பாதபோதுதான் அடக்குதலே நிகழ்கிறது. மயக்குவதற்கும் அவருடைய தெளிந்த அறிவு தேவையில்லை; அது மறைந்தால்தான் மயக்கம் முற்றுப்பெறும். இணக்குதல் அத்தகையதன்று. மற்றவர் தம் உள்ளத்தால் இணங்கினாலன்றி இணக்குதல் நிறைவேறாது. அடித்துப் பணியவைத்தார் என்று வழங்குவதுண்டு; அடித்து இணக்கினார் என்று யாரும் கூறுவதில்லை. தமிழ் பேசுவோரின் செவியே அத்தொடரை ஏற்பதில்லை. எனவே, இணக்குபவரின் வினை முடிவது இணங்குபவரின் கையில்தான்.

வேற்றுமை உருபுகளும் இதனை உணர்த்துகின்றன. 'வேண்டுகோளுக்கு இணங்கினார்' என்னும்போது நான்காம் வேற்றுமை வருகிறது. இணங்குபவர் ஒன்றை நோக்கித் தாமே நகர்கிறார். 'அவரை இணக்கினார்' என்னும்போது இரண்டாம் வேற்றுமை வருகிறது; அவர் செயப்படுபொருளாகிவிடுகிறார். இலக்கணம் அவரைச் செயப்படுபொருளாக வைத்தாலும், அறம் அவரை எழுவாயாகவே மதிக்க வேண்டும். இச்சொல்லைப் பயன்படுத்துவோர் மறக்கலாகாத நுட்பம் இது.

அன்றாடப் பேச்சில் ஓர் அடைமொழி இந்நுட்பத்தை எளிதாகக் காட்டிவிடுகிறது. 'பெண்ணை இணக்கினார்கள்' என்பதற்கும் 'பெண்ணை எப்படியோ இணக்கிவிட்டார்கள்' என்பதற்கும் உள்ள தொலைவை எண்ணிப் பார்க்கலாம். 'எப்படியோ' என்னும் சொல் முன்னும், 'விட்டார்கள்' என்னும் துணைவினை பின்னும் வந்து சேர்ந்தவுடன், அங்கே ஏதோ ஒன்று மறைக்கப்பட்டது, யாரோ ஒருவர் களைத்துப்போய்ச் சரி என்று சொல்லியிருக்கிறார் என்பது கேட்பவருக்கு விளங்கிவிடுகிறது. ஆத்திசூடியில் இணங்குமாறு ஏவும் அறிவுரை உண்டு. அதுவும் தகுதியறிந்த பின்னரே இணங்கச் சொல்கிறது. ஆராய்ந்து இணங்குதலே இணக்கம். ஆராய இடம் தராமல் பெற்ற உடன்பாட்டுக்கு அப்பெயர் பொருந்தாது.

அண்டை வீட்டுச் சொற்கள்

ஒரு சொல்லின் இயல்பை அறிய அதன் அண்டைச் சொற்களையும் நோக்க வேண்டும்.

வற்புறுத்து என்பது இன்று நெருக்கிக் கேட்பதைக் குறிக்கிறது. பழைய அகப்பாடல்களின் துறைக் குறிப்புகளில் அதன் பொருள் வேறு. தலைவன் பிரிந்த காலத்தில் கலங்கும் தலைவியைத் தோழி வற்புறுத்துகிறாள் என்றால், அவள் மனத்துக்கு உறுதி ஊட்டுகிறாள் என்று பொருள். வற்பு என்பது உறுதி. மற்றவர்க்கு வலிமை தந்த சொல், காலப்போக்கில் மற்றவர்மேல் வலிமையைச் செலுத்தும் சொல்லாகிவிட்டது.

நைச்சியம் என்னும் சொல்லின் வரலாறும் இவ்வாறே. தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் பணிவைக் குறித்த வடசொல் அது. வைணவ உரைகளில் இன்றும் அப்பொருளிலேயே வழங்குகிறது. கடைத்தெருவிலோ, 'நைச்சியமாகப் பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டான்' என்றால் அங்கே பணிவு இல்லை. பணிவின் வேடம் மட்டுமே உண்டு. உறுதியைக் குறித்த சொல் நெருக்கடிக்கும், பணிவைக் குறித்த சொல் ஏய்ப்புக்கும் பெயராகிவிட்டன. மென்மையைப் பிழைப்புக்குக் கருவியாக்கினால் மென்மையின் பெயரே கறைபடும் என்பதற்கு இவ்விரு சொற்களும் சான்று.

நயம் என்பது இன்னொரு சொல். 'நயத்தாலும் பயத்தாலும் சொல்லிப் பார்த்தாயிற்று' என்பது வீட்டுப் பெரியவர்களின் வாய்மொழி. நயத்தல் என்றால் விரும்புதல். நயந்து சொல்லுதல் என்பது கேட்பவரை விரும்பிச் சொல்லுதல். சமண அளவைநூல்களில் வழங்கும் நயம் வேறு. அது வடசொல், நடத்திச் செல்லுதல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்து, ஒரு பொருளை ஒரு நிலையினின்று நோக்கும் பார்வையைக் குறிப்பது. நைகமம் முதலாக நயங்கள் ஏழு என்று நூல்கள் வகுக்கின்றன. பிறப்பால் வேறான இவ்விரு சொற்களும் தமிழில் ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன. நயமாகப் பேச விரும்புபவர், கேட்பவர் நிற்கும் இடத்திலிருந்தும் பொருளை ஒருமுறை நோக்க வேண்டும் என்று கொண்டால் இரண்டு நயங்களும் ஓரிடத்தில் கூடிவிடும்.

தெருட்டு என்னும் பழஞ்சொல்லும் உண்டு. தெருள் என்பது தெளிவு, தெருட்டுதல் தெளிவித்தல். இதன் எதிர்ச்சொல் மருட்டு. இணக்க முயல்பவர் முன்னே இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று தெருட்டி இணக்குவது. மற்றொன்று மருட்டி இணக்குவது. வெளியிலிருந்து கேட்பவர்க்கு இரண்டும் இனிய குரலாகவே ஒலிக்கக்கூடும்.

செய்தலும் செய்வித்தலும்

பிறவினை என்பது வெறும் இலக்கணச் செய்தியா? சமண அறத்தில் அது வினைக்கணக்கோடு தொடர்புடையது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்க நன்னூலை யாத்தவர் பவணந்தி முனிவர் என்னும் சமணச் சான்றோர். செய் என்னும் ஏவலையும் செய்வி என்னும் ஏவலையும் அந்நூல் பிரித்துக் காட்டுகிறது. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் இப்பகுப்பை அறத்தின் தளத்தில் வைத்துப் பேசுகிறது. ஒரு செயலைத் தானே செய்தல் கிருதம். பிறரைக் கொண்டு செய்வித்தல் காரிதம். பிறர் செய்வதற்கு உடன்படுதல் அனுமதம். எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என்னும் படிகள் மூன்று. மனம், மொழி, மெய் என்னும் வாயில்கள் மூன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்பன மூன்று. சினம், செருக்கு, வஞ்சம், பற்று என்னும் கசாயங்கள் நான்கு. இவற்றைப் பெருக்கினால் 108. வினை வந்து சேரும் வழிகள் அத்தனை. அந்த 108 வழிகளில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 36, செய்வித்தலின் வழி வருபவை.

இணக்குதல் இந்தக் காரிதத்தில் அடங்கும். ஒருவரை ஒரு செயலுக்கு இணக்கிய பின், 'செய்தது அவர்தானே, நான் சொல்லத்தானே செய்தேன்' என்று கை கழுவ இடமில்லை. நற்செயலுக்கு இணக்கினால் நன்மையிலும் பங்குண்டு.

இதற்கு அயலூர்ச் சான்று வேண்டுவதில்லை. காஞ்சிக்கு அருகே வேகவதி ஆற்றங்கரையில் திருப்பருத்திக்குன்றம் உள்ளது. ஜினகாஞ்சி எனப் போற்றப்படும் அவ்வூரின் பழமைக்குப் பள்ளன்கோயில் செப்பேடு சான்று. பல்லவன் சிம்மவர்மன் பருத்திக்குன்றத்து வச்சிரநந்திக் குரவர்க்கு நிலம் வழங்கிய செய்தியை அது தாங்கி நிற்கிறது. அவ்வூர்த் திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபம் விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் கட்டுவித்தது. அவர் ஆசிரியர் புட்பசேனரின் சொற்படி அது எழுந்தது எனக் கல்வெட்டு கூறுகிறது. கல்லை அடுக்கியவர்கள் தச்சர்கள், கட்டுவித்தவர் இருகப்பர், அவரை அதற்கு இணக்கியவர் புட்பசேனர். அவருடைய உளி பட்ட கல் ஒன்றும் அங்கே இராது. ஆயினும் அவர் சொல்லின் பயனாய் அந்த நிழல் அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது.

இனிய சொல் இட்டுச்சென்ற இடம்

நல்லதற்கு இணக்கிய சொல்லை மட்டும் காட்டினால் உரை முழுமை பெறாது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியம் இணக்குதலின் இரு முகங்களையும் காட்டும் நூல்.

யசோதரன் அவந்தி நாட்டு அரசன். மனைவி அமிர்தமதியின் ஒழுக்கக் கேட்டைக் கண்டு உள்ளம் உடைந்தவன், அதனை வெளியிடாமல் ஒரு தீக்கனவு கண்டதாகத் தாய் சந்திரமதியிடம் கூறுகிறான். கனவின் தீங்கு நீங்கத் தேவிக்கு உயிர்ப்பலி இடவேண்டும் என்கிறாள் தாய். உயிரைக் கொல்லுதல் தகாது என்று மகன் மறுக்கிறான். தாய் அவனைச் சினந்து கடியவில்லை. உயிர்க்கொலைதானே ஆகாது, மாவினால் ஒரு கோழி செய்து அதனைப் பலியிடலாமே என்கிறாள். மாவுக்கு உயிரில்லை, தாயின் மனமும் குளிரும், கேடும் நீங்கும். மகன் இணங்குகிறான்.

இனிய சொல் ஏதத்தைச் செய்யும் விதம் இதுதான். அது மறுப்பவரோடு மோதுவதில்லை. மறுப்பை ஏற்றுக்கொண்டு, செயலைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. பெரிய தீங்குக்கு ஒருப்படாத நெஞ்சு, அதன் சிறிய உருவத்துக்கு ஒருப்பட்டுவிடுகிறது. வாளுக்கு முன் இருந்தது மாக்கோழி; வாளை ஓங்கிய நெஞ்சிலோ கொலை எண்ணம் இருந்தது. சமண நூல்கள் சங்கற்ப இம்சை என்று கூறுவது அந்த எண்ணத்தைத்தான்.

விளைவு இருவர்க்கும் வருகிறது. அமிர்தமதி இட்ட நஞ்சால் தாயும் மகனும் இறந்து, மயிலும் நாயுமாகத் தொடங்கி, விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்று, கோழிகளாகவும் பிறக்கிறார்கள். இணக்கிய தாய்க்கும் இணங்கிய மகனுக்கும் காவியம் தனித்தனி நீதி வைக்கவில்லை. காரிதமும் கிருதமும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன. தாயின் அன்பு பொய்யன்று. ஆயினும் அன்பின் மென்மை அச்செயலின் வன்மையைக் கழுவவில்லை.

அவ்விருவரே பின்னர் அபயருசி, அபயமதி என்னும் இரட்டையராய்ப் பிறந்து, இளமையிலேயே துறவு நெறியில் நிற்கிறார்கள். சண்டமாரிக்கு நரபலியாக அவர்களைப் பிடித்துவந்து மாரிதத்தன் என்னும் அரசன் முன் நிறுத்துகிறார்கள். வாள் உயர்த்தப்பட்ட நிலையிலும் அவர்கள் அஞ்சவில்லை. அரசனைப் பழிக்கவும் இல்லை. அச்சமின்மைக்குக் காரணம் யாது என்று அரசனே வினவுகிறான். அவர்கள் தம் பழம்பிறப்புகளை எடுத்துரைக்கிறார்கள். மாக்கோழி ஒன்றைப் பலியிட்டதற்கே இத்துணைத் துன்பம் என்றால், உயிர்களையே பலியிடுவதன் பயன் என்னவாகும் என்பதை அரசன் தானே கணக்கிட்டுக்கொள்கிறான். வாளைக் கீழே இடுகிறான்.

தாயின் சொல் செயலைச் சிறிதாக்கிக் காட்டியது. பிள்ளைகளின் சொல் செயலை அதன் முழு அளவில் காட்டியது. தாய் முடிவைக் கையில் கொடுத்தாள். பிள்ளைகள் நடந்ததைக் கூறி, முடிவைக் கேட்பவரிடமே விட்டார்கள். மருட்டி இணக்குவதற்கும் தெருட்டி இணக்குவதற்கும் இடையே உள்ள வேறுபாடு முழுவதும் இக்கதைக்குள் இருக்கிறது.

இணக்குபவர் தம்மை ஆராய்தல்

அப்படியானால், இணக்க முற்படுபவர் தம் சொல்லை எப்படிச் சோதித்துக்கொள்வது? தசலட்சண பருவத்தில் ஓதப்படும் பத்து அறங்களுள் முதல் நான்கும் அதற்கு உதவும். பொறை சினத்துக்கு மாற்று. மார்தவம் எனப்படும் மென்மை செருக்குக்கு மாற்று. ஆர்ஜவம் எனப்படும் நேர்மை வஞ்சத்துக்கு மாற்று. சௌசம் எனப்படும் தூய்மை பற்றுக்கு மாற்று.

சினத்தோடு சொல்பவர் இணக்குவதில்லை, மிரட்டுகிறார். இது எல்லார்க்கும் தெரியும். செருக்கோடு சொல்பவர் வெல்ல விரும்புகிறார். வஞ்சத்தோடு சொல்பவர் பாதியை மறைக்கிறார். பற்றோடு சொல்பவர் கேட்பவரின் நன்மையைப் பேசிக்கொண்டே தம் நன்மையைத் தேடுகிறார். இவற்றுள் பின்னைய மூன்றும் இனிய குரலிலேயே வரக்கூடியவை. ஆதலால் குரலின் இனிமை மட்டும் சான்றாகாது. மார்தவம் இருந்து ஆர்ஜவம் இல்லையென்றால், அது நைச்சியமாகிவிடும்.

காஞ்சியோடு தொடர்புடைய ஆசிரியர் அகளங்கர். இமசீதளன் என்னும் மன்னன் அவையில் அவர் பௌத்தரோடு வாதிட்டார் என்பது மரபு. சிரவணபெளகொளாவில் 1129-இல் பொறிக்கப்பட்ட மல்லிசேணர் நினைவுக் கல்வெட்டு அவ்வாதத்தைக் குறிப்பிடுகிறது. செருக்கினாலன்று, பகையினாலுமன்று, தவறான கொள்கையால் கெடும் மக்கள்பால் கொண்ட இரக்கத்தினாலேயே தாம் வாதிட்டதாக அகளங்கரே கூறுவதுபோல் அக்கல்வெட்டு அமைந்துள்ளது. வாதத்தில் பெயர்பெற்ற பேராசிரியர் ஒருவருக்கும், தம் சொல் எந்தக் கசாயத்திலிருந்து எழுகிறது என்று ஆராய்வது கடமையாகவே இருந்தது. வாதம் வேறு, இணக்குதல் வேறு என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. வாதில் தோற்றவர் வாயடங்குவார். அவர் மனம் இணங்கியதா என்பது தனிக் கேள்வி. அவையில் வாதம் தேவைப்படலாம். அடுக்களையிலும் கூடத்திலும் வாதில் வென்றவர், பெரும்பாலும் கேட்பவரை இழந்துவிடுகிறார்.

பட்டும் பருத்தியும்

இவ்வூரில் இணக்குதலுக்குக் கடினமான ஒரு சோதனை உண்டு. அது பட்டு.

காஞ்சிப் பட்டின் அழகு இணைப்பில் உள்ளது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். கோர்வை முறையில் உடலுக்கும் கரைகளுக்கும் தனித்தனி நாடாக்கள் ஓடுகின்றன. நெய்பவரும் துணையாளும் ஒருவர் கையோட்டத்தை மற்றவர் அறிந்து, ஒவ்வொரு ஊடையிலும் இரு நிறங்களையும் கோர்த்துக்கொண்டே செல்ல வேண்டும். இழுத்தால் இழை அறும். தளர்த்தினால் கரை நெளியும். இரு நிறமும் தத்தம் நிறம் கெடாமல் ஒன்றுபடுகின்றன. இணக்கு என்னும் சொல்லுக்குப் பொருத்துதல், சேர்த்தல் என்னும் பொருளும் உண்டு என்பதைத் தறிக்கருகே நின்று பார்ப்பவர் எளிதில் உணர்வார்.

ஆயினும் அந்த இழை வந்த வழியையும் சொல்லாமல் விடுவது ஆர்ஜவமன்று. இழை அறாமல் நீளமாகக் கிடைக்க, கூட்டுக்குள் இருக்கும் புழுவை அந்துப்பூச்சியாக வெளிவருமுன் சூட்டால் கொல்கிறார்கள். ஒரு கிலோ பட்டு நூலுக்குச் சில ஆயிரம் கூடுகள் வேண்டும். கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட இல்லத்தில் திருமணப் பட்டு எடுக்கும் பேச்சு வரும்போது, இதை எவ்வாறு எடுத்துரைப்பது?

'கொலைப் புடவை' என்று கூறிவிடலாம்; அன்றோடு பேச்சு முடிந்துவிடும். மணப்பெண் அழுவாள், தாய் மனம் நோவாள், சொன்னவரின் அறம் சொன்னவரோடு நிற்கும். பேசாமல் இருந்துவிட்டால், உடன்பட்ட குற்றம் அனுமதமாய் வந்து சேரும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள வழியைக் காட்ட அண்மைக் கால நிகழ்ச்சிகள் இரண்டு உண்டு.

காஞ்சி காமகோடி மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் (1894–1994), புழுக்கள் கொல்லப்படுவதை எடுத்துக்காட்டிப் பட்டாடையைத் தவிர்க்குமாறு அறிவுரை கூறியவர். பட்டுக்குப் பெயர்பெற்ற ஊரில் மடம் உடையவர், வேற்றுச் சமயத்தவர், இந்த உண்மையை மறைக்காமல் எடுத்துரைத்தார் என்பது சமணரும் நன்றியோடு நினைக்கத்தக்கது.

மற்றொன்று ஒரு கேள்வியால் விளைந்தது. குடியரசுத் தலைவராயிருந்த ஆர். வெங்கட்ராமனின் துணைவியார் ஜானகி வெங்கட்ராமன், புழுவைக் கொல்லாமல் செய்த பட்டுப் புடவை கிடைக்குமா என்று கேட்டார். ஆந்திரக் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசுமா ராஜய்யா என்பவரின் மனத்தில் அக்கேள்வி தங்கியது. அந்துப்பூச்சி வெளியேறிய பின் எஞ்சும் கூட்டிலிருந்து நூல் நூற்று அவர் நெய்வித்த துணியே 'அகிம்சைப் பட்டு' எனப் பெயர்பெற்றது. கட்டளையோ கடிந்துரையோ அங்கே இல்லை. அதனை முழுத் தீர்வு என்று கூறுவதும் மிகையாகும். கூட்டைத் துளைத்த இழை நீளமாக வராது, மினுமினுப்புக் குறையும், விலை கூடும், வளர்ப்புப் பட்டுப்பூச்சி வெளிவந்தாலும் பறக்கும் ஆற்றலற்றது. குறைகளையும் சேர்த்துச் சொல்லி இணக்குவதே நேர்மை.

ஆகவே திருமணப் பேச்சில் பெரியவர் ஒருவர் மணப்பெண்ணை அருகழைத்து, 'அம்மாடி, இந்த நூல் எப்படி வருதுன்னு உனக்குத் தெரியுமா?' என்று கேட்கலாம். தெரிந்ததைக் கூறலாம். தறியை நம்பி வாழும் குடும்பங்கள் இவ்வூரில் உள்ளன என்பதையும் உடன் கூற வேண்டும். அவர்கள் கைத்திறனைப் பழிப்பது அறமாகாது. அதே தறியில் பருத்தியும் நெய்யப்படுகிறது என்று காட்டலாம். ஜினகாஞ்சியின் பெயரிலேயே பருத்தி இருக்கிறது என்பதை அவள் சிரித்துக்கொண்டே கேட்கக்கூடும். அதன்பின் முடிவு அவளுடையது. அவள் பட்டையே விரும்பினால் அன்பு குறையலாகாது. இணங்காதவரிடம் அன்பு குறைந்தால், முன்பு பேசிய இனிய சொல் விலை பேசிய சொல்லாகிவிடும்.

மறுக்க இடம் தரும் சொல்

வீட்டில் நாள்தோறும் எழும் சிக்கல் இராவுணவு. பணி முடிந்து இரவு ஒன்பது மணிக்கு அறை திரும்பும் பிள்ளையிடம் தொலைபேசியில் பாட்டி பேசுகிறாள். 'நம்ம குலத்துல பொறந்துட்டு ராத்திரில சாப்பிடறியே' என்று தொடங்கினால், மறுநாள் பிள்ளை, சாப்பிட்டாயிற்று என்று பொய் கூறக் கற்றுக்கொள்கிறான். ஓர் அறத்தைக் காக்கப் போய் இன்னோர் அறத்தை இழப்பதாக அது முடியும். 'எத்தனை மணிக்குக் கண்ணு கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்? அஞ்சரைக்கு ரெண்டு இட்லி கையில இருந்தா ஆகுமா?' என்று கேட்பவள், அவன் நிற்கும் இடத்திலிருந்து நோக்குகிறாள். வாரத்தில் ஒரு நாள் இயலும் என்று அவன் கூறினால், அந்த ஒரு நாள் அவனுடையது. எட்டுத் தொலைவில் நின்று கண்காணிக்க ஆளில்லாதபோதும் நிற்பது, தானே இணங்கிய அறம் மட்டுமே.

திருமணப் பேச்சுகளிலும், சொத்துப் பிரிவினையிலும், முதியோரின் மருத்துவத்திலும் இணக்குதல் இன்னும் கவனமாகக் கையாளத்தக்கது. அங்கெல்லாம் 'எப்படியோ இணக்கிவிடுதல்' எளிது. அதன் விளைவைச் சுமப்பவரோ வேறொருவர். பேசத் தொடங்குமுன் மூன்று கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்வது நலம். இணக்கப்போகும் செயலைத் தாமே செய்தால் அது தகுமா? கேட்பவர் அறிந்தால் மறுத்துவிடுவார் என்று அஞ்சி எதையேனும் மறைக்க நேர்கிறதா? அவர் 'வேண்டாம்' என்று சொன்னால் அச்சொல்லுக்கு இந்த வீட்டில் இடம் உண்டா? முதற்கேள்வி காரிதத்தைப் பற்றியது. இரண்டாவது ஆர்ஜவத்தைப் பற்றியது. மூன்றாவது, இணங்கு என்னும் தன்வினையைப் பற்றியது.

இளையோர்க்கும் இதில் பங்குண்டு. பெரியவர்களை இணக்குவதும் அடிக்கடி நேர்கிறது; அங்கும் இதே அளவுகோல்தான். 'அவங்களுக்கு ஒண்ணும் புரியாது' என்று பாதியை மறைத்துப் பெறும் உடன்பாடு, மாக்கோழியைப் போன்றதே. தாத்தாவுக்கும் முழுச் செய்தியைக் கேட்கும் உரிமை உண்டு. மறுக்கும் உரிமையும் உண்டு.

மகாவீரர் சமவசரணத்தில் அருளிய திவ்விய மொழியை மனிதரும் விலங்கும் தத்தம் மொழியில் உணர்ந்தார்கள் என்று மரபு கூறுகிறது. கேட்ட ஒவ்வோர் உயிரும் தன் அறிவுக்கேற்ப உணர்ந்து, தன் விருப்பால் நெறியேறியது. கணதரர் முதல் காட்டு விலங்கு வரை யாரும் அங்கே இழுத்துவரப்படவில்லை. இவ்விழா நாளில் ஒவ்வோர் இல்லத்திலும் ஏதேனும் ஒரு நன்மைக்கு யாரேனும் ஒருவரை இணக்கும் பேச்சு நிகழும். அந்தப் பேச்சில் பொறையும், மென்மையும், நேர்மையும், தூய்மையும் நிறைவதாக.

சினதருமம் வாழ்க. எல்லா உயிரும் இன்புறுக.